விரத மாமியின் பசி

"சாப்ட்டாச்சா"ன்னு கேக்காத ஆளு மயிலாப்பூர்ல கிடையாது. கேட்டுட்டு பதிலுக்கு நிக்கிற ஆளும் கிடையாது. எங்க எதிர் வீட்டு மாமி ஒருத்தங்கதான் நிப்பாங்க. லிஃப்ட் கதவைக் கையால பிடிச்சுக்கிட்டே, என்ன சாப்பிட்டேன்னு விசாரிப்பாங்க. ரசம் சாதம்னு சொன்னா விட்ருவாங்களா? மிளகு ரசமா, தக்காளி ரசமா, தொட்டுக்க என்ன, அப்பளம் சுட்டதா பொரிச்சதா, எல்லாம் தெரிஞ்சாகணும். எனக்கு தேனாம்பேட்டையில ஆபீஸ். சிக்னல்ல மாட்டினா அன்னிக்கு லேட்டுதான்னு நான் பதறிக்கிட்டு இருப்பேன். அவங்க நிதானமா, வெண்டைக்காயை மொறுமொறுன்னு வதக்கினியா, கொழகொழன்னு விட்டுட்டியான்னு கேப்பாங்க. நான் சொல்லச் சொல்ல அவங்க தொண்டைக்குழி ஏறி எறங்கும்.

அந்த மாமி ஒரு வாய் சாப்பிட்டு நான் பாத்ததில்ல.

நான் சாந்தோம் பொண்ணு. மீன் வறுக்காம ஞாயித்துக்கிழமை விடியாத வீட்டுல பொறந்தவ. கல்யாணம் ஆகி இந்த ஃபிளாட்டுக்கு வந்தப்போ, எதிர்லயே ஐயர் வீடா இருக்கே, மீன் வாசனைக்கு சண்டை வரப்போகுதுன்னு பயந்து ஜன்னலெல்லாம் சாத்திட்டுத்தான் குழம்பு வெப்பேன். ஒருநாள் மாமி மணி அடிச்சாங்க. செத்தோம்டான்னு கதவைத் திறந்தேன். அவங்க வாசல்லயே நின்னு, குரலைத் தாழ்த்தி, "உங்காத்து மீன் குழம்புல மாங்கா போடுவேளாமே? புளிப்பு தூக்கலா இருக்குமோ?"ன்னு கேட்டாங்க. நான் வெலவெலத்துப் போய், மாங்கா எப்போ போடணும், எண்ணெய் எப்போ பிரியும்னு எல்லாத்தையும் ஒப்பிச்சேன். கேட்டு முடிச்சுட்டு ராமா ராமான்னு கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சேன். இப்போ நினைச்சா சிரிப்பு வரமாட்டேங்குது.

பிளாக்ல அவங்களுக்குப் பேரே விரத மாமிதான். கிண்டலுக்கு வெச்ச பேர் இல்ல, மரியாதைக்கு வெச்சது. ஏகாதசி, பிரதோஷம், சஷ்டி, சங்கடஹர சதுர்த்தி, திங்கக்கிழமை சிவனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு. மிச்சம் கிடக்கற நாள்ல யாராவது கேட்டா, ஏதோ வேண்டுதல்னு சொல்லிடுவாங்க. எங்க வீட்டுலயும் தவக்காலம் உண்டு. கறி மீன் தொடாம இருந்துட்டு ஈஸ்டர் அன்னிக்கு மொத்தத்துக்கும் சேத்து வெச்சு பழி தீர்த்துப்போம். மாமிக்கு வருஷம் பூராவும் தவக்காலம். ஈஸ்டர் மட்டும் வரவே வராது. "வயிறு காலியா இருந்தா மனசு லேசா இருக்கும்"னு சொல்லுவாங்க. சொல்லும்போது புடவைத் தலைப்பைப் பந்தா சுருட்டி, அடிவயித்துல வலது பக்கமா வெச்சு அழுத்திப்பாங்க. அது அவங்க பழக்கம்னு நாங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

சமையல்ல அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. லீவு நாள்ல எனக்கும் என் பொண்ணு ஜெனிக்கும் அடை வரும், வெண்ணெயும் வெல்லமும் வெச்சு. குடுத்துட்டுப் போகமாட்டாங்க. எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்து, நாங்க மெல்லறதைப் பாப்பாங்க. ஜெனி அப்போ சின்னப் பொண்ணு. "மாமி என் வாயையே பாக்கறாங்கம்மா"ன்னு என் காதுல வந்து சொல்லுவா. கண்ணு படப்போகுதுன்னு என் வீட்டுக்காரர் வேற கிண்டல் பண்ணுவாரு. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு மாதிரியாத்தான் இருக்கும். ஆனா அந்த அடையை யாரு வேணாம்னு சொல்லுவா?

இங்க என் கதையைக் கொஞ்சம் சொல்லணும். ஜெனி பொறந்தப்புறம் எனக்கு கிரோன்ஸ்னு ஒரு வியாதி வந்துச்சு. குடல்ல வர்ற தீராத வீக்கம். அல்சர்னு மாத்திரை குடுத்தாங்க, சூடுன்னு மோர் குடிக்கச் சொன்னாங்க, கடைசியில அடையாறுல ஒரு லேடி டாக்டர்தான் டியூப் விட்டுப் பாத்து கண்டுபிடிச்சாங்க. சாப்பிட்டா வலிக்கும். வலிக்குமேன்னு சாப்பிடவே பயம் வரும். போற இடத்துல எல்லாம் முதல் வேலையா பாத்ரூம் எங்க இருக்குன்னு பாத்து வெச்சுக்கணும். கோயில் குளத்துலேந்து தி.நகர் வரைக்கும் எந்தக் கடையில எந்த மாடியில இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மருந்துல இப்போ கட்டுக்குள்ள இருக்கு. முழுசா போகாதாம், அதோடயே நல்லா வாழலாமாம். டாக்டர் சொன்னாங்க, நானும் வாழ்ந்துகிட்டு இருக்கேன்.

மாமிக்கு ஒரே பொண்ணு, வித்யா. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கு நல்ல இடமா வரன் அமைஞ்சுது. மாசியில நிச்சயதார்த்தம், தள்ளுபடியிலயே புடவை எடுத்துடலாம்னு மாமி என்னையும் தி.நகருக்குக் கூப்பிட்டாங்க. அடுக்கு மாடிக் கடை, ஆடித் தள்ளுபடி கூட்டம். புடவை பாத்துக்கிட்டு இருக்கும்போதே எனக்கு வயித்தைப் புரட்டுச்சு. பிளவுஸ் துணி பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு மேல் மாடிக்கு ஓடினேன். அங்க தையல் கவுண்டருக்குப் பின்னாடி ஒரே ஒரு பாத்ரூம் இருக்கு, ரொம்பப் பேருக்குத் தெரியாது. நான் இந்தப் பக்கப் படியில ஏறிப் போய் நின்னா, அந்தப் பக்க லிஃப்ட்லேந்து மாமி ஓடி வர்றாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கதவுல கை வெச்சோம்.

நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்வை. உதடு வெளுத்துப் போய், தலைப்பை வயித்துல அழுத்திக்கிட்டு, கதவையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்த முகம் எனக்குப் புதுசு இல்ல. எங்க வீட்டு பாத்ரூம் கண்ணாடியில நான் பாத்த முகம். என் அவசரம் எங்க போச்சுன்னே தெரியல. நீங்க முதல்ல போங்கன்னு விட்டேன்.

வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்தாங்க. புடவை கொஞ்சம் விலகினப்போ, முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் சிவப்பு சிவப்பா கட்டி தெரிஞ்சுது. எனக்கும் வியாதி கிளம்பற நேரத்துல அதேதான் வரும். எத்தனை வருஷமா மாமின்னு கேட்டேன். கேஸ் ட்ரபிள்னாங்க. எனக்கும் இதேதான் மாமி, மறைக்காதீங்கன்னேன். என் கையைப் பிடிச்சாங்க. அந்தப் புழுக்கத்துலயும் அவங்க விரல் ஐஸ் மாதிரி இருந்துச்சு.

வித்யா ஸ்கூல் சேர்ற சமயத்துலயே மாமிக்கு இது கிரோன்ஸ்னு கண்டுபிடிச்சாச்சாம். வீட்டுக்காரர் மாமாவுக்குக் கூட தெரியாம தனியா போய்க் காட்டியிருக்காங்க. பரம்பரையா வரலாம், ஆனா அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கு வந்தே தீரும்னு இல்லன்னு அந்த டாக்டர் சொல்லியிருக்காரு. மாமி காதுல விழுந்தது முதல் பாதி மட்டும். ஒரு பெண் குழந்தையை வெச்சுக்கிட்டு, பரம்பரை வியாதின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் வாசப்படி ஏறுவான்? மாத்திரையை யாராவது பாத்துடுவாங்களோன்னு அதையும் நிறுத்திட்டாங்க. வலிக்கிற நாள்ல சாப்பிடாம இருக்க ஒரு காரணம் வேணும். விரதம் இருக்கற பொம்பளையை ஏன் சாப்பிடலைன்னு யாரும் கேக்கறதில்லையே.

அப்புறம் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. "எங்கம்மாவும் இப்படித்தான். சாதத்தைக் கண்டா ஓடுவா. ஊரே மகான்னு கால்ல விழுந்துது. சின்ன வயசுலயே பட்டினியா போனா. அவளுக்கு எங்க வலிக்கறதுன்னு ஒருத்தரும் கேக்கலை. நானும் கேக்கலை."

நாளைக்கே என் டாக்டர்கிட்ட போலாம்னு நான் ஒத்தைக்கால்ல நின்னேன். கல்யாணம் முடியட்டும்னாங்க. அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கல்யாணத்தை யார் பாப்பாங்கன்னு கத்தினேன். கடைக்காரப் பசங்க திரும்பிப் பாத்தாங்க. மாமி அசையல. தாலி ஏறின மறுநாள் நீ எங்க கூப்பிட்டாலும் வரேன், அதுவரைக்கும் உன் பொண்ணு மேல சத்தியம், வாய் திறக்காதேன்னாங்க. என் பொண்ணு மேல ஏன் மாமின்னு கேட்டா, வித்யா மேல பண்ண பயமா இருக்குன்னு சொன்னாங்க. நானும் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்.

இந்த நேரம் பாத்து எங்க அசோசியேஷன் செக்ரட்டரி சாருக்கு ஞானம் பொறந்துச்சு. பேங்க்ல ரிட்டயர் ஆனவரு, நல்ல மனுஷன், ஃபோன்தான் அவருக்குக் கெட்ட சகவாசம். ஆட்டோஃபேஜின்னு ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டாரு. பட்டினி கிடந்தா உடம்புல ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள சேந்த குப்பையைத் தானே தின்னு சுத்தம் பண்ணிக்குமாம். காலையில அவர் பிளாக் வாட்ஸ்அப் குரூப்ல போடறதே இதுதான். ராத்திரி சாப்பிடறதை நிறுத்தினாரு, தொப்பை குறைஞ்சுது, அதுலேந்து அவரைப் பிடிக்க முடியல. பொங்கல் விழாவுல மாமியை மேடைக்குக் கூப்பிட்டு பொன்னாடை போத்தினாரு. வெள்ளைக்காரன் இப்போ கண்டுபிடிச்சதை நம்ம மாமி எப்பவோ பண்ணிட்டாங்க, நடமாடும் ஆட்டோஃபேஜின்னு மைக்குல சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. பொன்னாடைக்கு அடியில மாமி கை வயித்தை அழுத்திக்கிட்டு இருந்ததை நான் பாத்தேன். எனக்குக் கை தட்ட வரல.

அடுத்த செக்கப்புல, சார் சொன்னதை என் டாக்டர்கிட்ட சொல்லிக் கேட்டேன். ஆட்டோஃபேஜி நிஜம்தான்னாங்க. வீட்டுக்காரம்மா தன் வீட்டைத் தானே பெருக்கற மாதிரி செல்லு தன்னைத் தானே பெருக்கிக்குமாம், உள்ள பூந்த கிருமியையும் பிடிச்சு செரிச்சுடுமாம். குடலோட அடி மடிப்புல காவலுக்குன்னு சில செல்லு இருக்காம், கிருமியைக் கொல்ற மருந்தை உருட்டி வெளிய தள்றது அதுங்க வேலை. கிரோன்ஸ் வர்றவங்கள்ல சில பேருக்கு, இந்தப் பெருக்கற வேலைக்கான மரபணுவுலயே ஒரு சின்னக் கோளாறு இருக்குமாம். கிருமி உள்ளயே தங்கிடும், காவல் செல்லும் சரியா வேலை பாக்காது, குடல் வீங்கிக்கிட்டே போகும். அப்போ பட்டினி கிடந்தா சரியாகுமான்னேன்.  "விருந்தாளியை நிறுத்திட்டா வீடு சுத்தமாயிடும்னு உங்க செக்ரட்டரி சொல்றாரு. உங்க வீட்டுல தேஞ்சு போனதே துடைப்பம்தான். பட்டினி போட்டா இந்த வியாதி குணமாகும்னு எனக்கு இதுவரைக்கும் யாரும் காட்டல. சத்து இல்லாம உடம்பு கரையறதை மட்டும் நான் தினமும் பாக்கறேன்"னாங்க.

வந்து மாமிகிட்ட அப்படியே சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, மரபணுன்னா தாய் வழியா வருமா தகப்பன் வழியா வருமான்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. ரெண்டு வழியாவும் வரலாமாம்னேன். அன்னிக்கு நான் என்ன சாப்பிட்டேன்னு கேக்காமலே கதவைச் சாத்திக்கிட்டாங்க.

எங்க ரெண்டு வீட்டு பாத்ரூம் ஜன்னலும் குழாயெல்லாம் இறங்கற ஒரே டக்டைப் பாத்துதான் திறக்கும். அதுக்கப்புறம் நான் அந்த ஜன்னலுக்கே பயப்பட ஆரம்பிச்சேன். அங்க குழாய் சத்தம் கேக்கும். முழுசா திறந்து விட்டு பக்கெட்டுல கொட்டற சத்தம். அந்தத் தண்ணிச் சத்தத்துக்கு அடியில இன்னொரு சத்தம் இருக்கும், வாயைப் பொத்திக்கிட்டு வாந்தி எடுக்கிற சத்தம். குடல்ல அடைப்பு வந்தா அப்படித்தான் வரும், எனக்கு வந்திருக்கு. குழாய் நின்னாதான் எனக்கு மூச்சு வரும். ஒருநாள் குழாய் நிக்கவே இல்ல. ஓடிப் போய் கதவைத் தட்டினேன். மாமி முகம் கழுவி, புதுசா பொட்டு வெச்சுக்கிட்டு வந்து திறந்து, இன்னிக்கு சஷ்டின்னாங்க. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிருந்துச்சு. நான் அழுதுட்டேன். அவங்கதான் என்னை சமாதானப்படுத்தினாங்க.

வித்யா லீவுல வந்தா. இளைச்சிருந்தா. செக்ரட்டரி சார் லிஃப்ட்லயே பிடிச்சுக்கிட்டு விசாரிக்க, அவளும் நேரம் பாத்துதான் சாப்பிடறாளாம், ஆட்டோஃபேஜிதானாம். ஃபோன்ல அதுக்குன்னு ஒரு கடிகாரம் வேற ஓடிக்கிட்டு இருந்துச்சு. சாருக்குத் தலைகால் புரியல. மாமி எங்கிட்ட வந்து, இது ஏதோ ஃபேஷன்தானேன்னு கேட்டாங்க. எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தான் மாமின்னேன். அது உண்மைதான். அப்போதான் அவங்க முகம் கொஞ்சம் தெளிஞ்சுது.

நிச்சயதார்த்தம் எங்க மொட்டை மாடியில. ஷாமியானா, சீரியல் பல்ப், ஒரு ஓரமா சமையல்காரங்க அடுப்பு. பொண்ணை என் வீட்டுலதான் அலங்காரம் பண்ணி உக்கார வெச்சிருந்தோம். மேல எல்லாருக்கும் டிஃபன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பொண்ணு ஒண்ணும் சாப்பிடலையாமேன்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டதுக்கு செக்ரட்டரி சார் ஒரு பிரசங்கமே பண்ணிட்டாரு. அந்தம்மா பூரிச்சுப் போய், தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்கன்னாங்களாம். இதெல்லாம் நான் தட்டு எடுக்க மேல போனப்போ காதுல விழுந்தது.

ரெண்டு போளி கொண்டு வந்து வித்யாகிட்ட நீட்டினேன். வேண்டாம்க்கா, இன்னும் என் நேரம் ஆகலைன்னு ஃபோனைக் காட்டினா. சரி போ, உனக்குக் குடுத்து வெக்கலன்னு நானே ஒண்ணைப் பிட்டு வாயில போட்டேன். அவ கண்ணாடி வழியா என்னைப் பாத்துக்கிட்டு இருந்தா.

"போளி எப்படிக்கா இருக்கு?"

நல்லா இருக்குன்னேன்.

"தேங்காயா, பருப்பா? பூரணம் மைய இருக்கா, கடிபடறதா? நெய் மேல விட்டிருக்காளா, மாவுலயே போட்டுட்டாளா?"

அவ தொண்டைக்குழி ஏறி எறங்குச்சு.

மிச்ச போளியைத் தட்டுலயே வெச்சேன். எங்க ஆபீஸ்ல பட்டினி கிடக்கறதுங்க எல்லாம் எத்தனை கிலோ குறைஞ்சேன்னுதான் பேசும். பூரணம் மைய இருக்கான்னு ஒண்ணுகூட கேட்டதில்ல. திரும்பிப் பாத்தா வாசல்ல மாமி. கையில மல்லிப்பூ சரம். அவங்களும் கேட்டுட்டாங்க. நின்ன இடத்துலேந்து அசையல, முகத்துல சொட்டு ரத்தம் இல்ல. நான் அதுவரைக்கும் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லன்னு அந்த முகத்தைப் பாத்ததும் தெரிஞ்சுது.

பூவைக் கட்டில் மேல வெச்சுட்டு பொண்ணு முன்னாடி வந்து நின்னாங்க.

"எங்க வலிக்கறது?"

"எங்கயும் இல்லம்மா. இது ஆட்டோஃபேஜிக்காக..."

"அதை மாடியில இருக்கறவாகிட்ட சொல்லு. எங்க வலிக்கறது, காட்டு."

வித்யா ஃபோனைக் கவுத்து வெச்சா. அப்புறம் வளையல் குலுங்க கையை எடுத்து, அடிவயித்துல வலது பக்கம் வெச்சா. ஏண்டி என்கிட்ட சொல்லலைன்னு மாமி கேட்டாங்க. "நீ சொன்னியாம்மா? குழாயைத் திறந்து விட்டா எனக்குக் கேக்காதுன்னு நினைச்சுண்டியா?"ன்னு அவ கேட்டா. திட்டற மாதிரி கேக்கல, மெதுவாத்தான் கேட்டா. மாமி அவ தலையை எடுத்து தன் வயித்தோட சேத்து வெச்சுக்கிட்டாங்க.

நான்தான் குறுக்க பூந்தேன். இன்னிக்கு ஒருநாள் போகட்டும் மாமி, நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்னேன். மாமி மாட்டேன்னுட்டாங்க. "இங்க மறைச்சா அங்கயும் மறைக்கணும். அந்தாத்துக்குப் போயும் இவ விரதம் இருப்பா. அவா இவளையும் மகான்னு கால்ல விழுவா"ன்னு சொல்லிட்டு மாடிப்படி ஏறினாங்க. நான் பின்னாடியே ஓடினேன். 

புரோகிதம் பண்ற வாத்தியார் லக்ன பத்திரிகையைக் கையில எடுத்துட்டாரு. கொஞ்சம் நிறுத்துங்கோன்னாங்க மாமி. சத்தமா பேசற வழக்கமே இல்லாதவங்க, ஆனா கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. "எனக்குக் குடல்ல வியாதி. என் பொண்ணுக்கும் இருக்குமோன்னு பயமா இருக்கு. நாங்க இருக்கறது விரதமில்லை. எங்களுக்குப் பசிக்கறது. சாப்ட்டா வலிக்கறது. அவ்வளவுதான்."

 மாமா, பக்கத்துல இருந்த நாற்காலியைத் தடவித் தடவி உக்காந்தாரு. இத்தனை வருஷம் கூட இருந்தவருக்கு அன்னிக்குத்தான் தெரியும்.  மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கெட்டவங்க இல்ல, யாரும் ஒரு வார்த்தை தப்பா பேசல. கலந்து பேசிட்டு சொல்றோம்னு எந்திரிச்சுப் போனாங்க. சொல்லவே இல்ல. சொந்தக்காரங்கதான் மாமியை வறுத்து எடுத்துட்டாங்க. அரிச்சந்திரனுக்குத் தங்கச்சியா நீன்னு கேட்டுது ஒரு அத்தை. தாலி ஏறட்டும்னு இருக்கக் கூடாதா, அவசரக் குடுக்கைன்னுச்சு இன்னொண்ணு. மாமி எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு, ரெண்டு பேருக்கும் என் டாக்டர்கிட்ட நாள் வாங்கச் சொன்னாங்க.

வித்யாவுக்கு அதேதான். ஆனா ஆரம்பம், குடலோட கடைசிப் பகுதியில கொஞ்சம் புண்ணு. மருந்து பிடிச்சுக்கிச்சு. மாமிக்குத்தான் தாமதம். குடல் ஒரு இடத்துல பேனா ரீஃபில் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்துச்சு. சத்து ஏத்தி உடம்பைத் தேத்திட்டு ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் நினைச்சாங்க. அதுக்குள்ள மொத்தமா அடைச்சுக்கிச்சு, காத்திருக்க முடியல.

ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி மாமியைப் பாத்தேன். என்ன பேசறதுன்னு தெரியாம, கேன்டீன்ல சாப்பிட்ட பொங்கலைப் பத்தி ஆரம்பிச்சேன். மிளகு உடைச்சுப் போட்டிருந்தான் மாமின்னேன். என் வாயைக் கையால மூடினாங்க. "சொல்லாதே. வெளியில வந்து நானே சாப்ட்டுப் பாக்கறேன்"னாங்க.

ஆபரேஷன் நடந்துச்சு, குடல்ல போட்ட தையல் பிடிக்கல. வருஷக் கணக்கா பட்டினி கிடந்த உடம்பு, தையலைப் பிடிச்சு நிறுத்தற அளவுக்குக் கூட உள்ள ஒண்ணும் இல்லன்னு டாக்டர் வெளிய வந்து சொன்னாங்க. கிருமி ரத்தத்துல ஏறி, மாமி திரும்பி வரல. சாவுக்கு வந்தவங்க பஞ்சாங்கத்தைப் பாத்துட்டு, இன்னிக்கு ஏகாதசியாச்சே, இருந்த விரதமெல்லாம் வீண் போகலன்னாங்க. பிளாக் குரூப்ல மகான்னு ஒருத்தர் போட, வரிசையா கும்பிடற கை. எனக்கு ஃபோனைத் தூக்கி சுவத்துல அடிக்கலாம்னு வந்துச்சு. வித்யா, அவ அம்மா ஃபோன்லேந்தே ஒரு வரி எழுதினா: அம்மா மகான் இல்லை, அம்மாவுக்குப் பசித்தது. அதுக்குக் கீழ யாரும் ஒண்ணும் போடல. செக்ரட்டரி சார் மட்டும் என் வீட்டு வாசல்ல வந்து, அந்த லேடி டாக்டர் பேர் என்னம்மான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டு வாங்கிட்டுப் போனாரு.

சில வருஷம் ஆச்சு. எதிர் வீட்டுல இப்போ வேற யாரோ இருக்காங்க. வித்யா பெங்களூர்ல நல்லா இருக்கா. ஃபோன் பண்ணா நான் கேக்காமலே என்ன சாப்பிட்டான்னு சொல்லிடுவா. ஜெனி காலேஜ் போறா. அவளுக்கு ஒண்ணும் இல்ல, டாக்டரும் சும்மா போட்டு மனசைக் குழப்பிக்காதீங்கன்னு சொல்லியிருக்காங்க. ஆனா அவ தட்டை நான் ஓரக்கண்ணால பாக்காத நாள் கிடையாது.

போன ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு வெச்சிருந்தேன். பசிக்கலம்மா, நீ சாப்பிடுன்னு தட்டைத் தள்ளி வெச்சுட்டு ஜெனி எந்திரிச்சா. நேத்து வெளிய பிரியாணி தின்னுட்டு வந்திருக்கா, அதான்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டு சோத்தைப் பிசைஞ்சேன். ரூம் வரைக்கும் போனவ, கதவுல சாஞ்சு நின்னு, நான் சாப்பிடறதைப் பாத்தா.

"குழம்புல மாங்கா போட்டியாம்மா? புளிப்பா இருக்கா?"

சோத்துக் கையோட எந்திரிச்சேன். "எங்க வலிக்குது, காட்டு"ன்னேன்.